குறைந்த செலவில் டிரம்ஸ் ஒலிப்பதிவு: எந்த மைக், எத்தனை, எந்த வரிசையில்

டிரம்ஸைப் பதிவு செய்ய எத்தனை மைக் வேண்டும் என்று கேட்பவருக்குப் பொதுவாகக் கிடைக்கும் பதில், காலால் பெடல் மிதித்து அடிக்கும் பெரிய டிரம்மான கிக்குக்கு ஒன்று, வாசிப்பவரின் முன்னால் இருக்கும் ஸ்னேர் டிரம்முக்கு ஒன்று, மற்ற டிரம்களான டாம் ஒவ்வொன்றுக்கும் ஒன்று, திறந்து மூடும் ஜோடிச் சிம்பலான ஹை-ஹேட்டுக்கு ஒன்று, மேலே இரண்டு என்று எட்டிலோ ஒன்பதிலோ போய் நிற்கும். பெரிய ஸ்டூடியோவுக்கு அந்தக் கணக்கு பொருந்தும். வீட்டின் ஓர் அறையிலோ, தேவாலயத்தின் பின்னறையிலோ, நண்பர்களோடு சேர்ந்து வாடகைக்கு எடுத்த பயிற்சிக் கூடத்திலோ பதிவு செய்பவர் அதைப் பின்பற்றினால், கையிலிருக்கும் பணம் எட்டுப் பங்காகப் பிரிந்து, எட்டு மைக்கும் சுமாராகவே அமையும். குறைந்த பணத்தில் இந்த வேலையில் இறங்குபவர் நான்கு மைக்குக்கு மேல் யோசிக்க வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து. அந்த நான்கையும் ஒரே நாளில் வாங்க வேண்டிய தேவையும் இல்லை. முதலில் டிரம் செட் முழுவதையும் ஒன்றாகக் கேட்கும் ஓவர்ஹெட் மைக் இரண்டு, அடுத்து கிக்குக்கு ஒன்று, கடைசியாக ஸ்னேருக்கு ஒன்று என்ற வரிசையில் வாங்கிக்கொண்டு போனால், ஒவ்வொரு கட்டத்திலும் வெளியிடத் தகுந்த பதிவு கிடைக்கும்.

இதை வசதியில்லாதவர்களின் சமாளிப்பு என்று நினைத்துவிடக் கூடாது. 1960-களின் தொடக்கத்தில் லண்டனின் ஆபி ரோடு ஸ்டூடியோவில் பீட்டில்ஸ் குழுவினர் பதிவு செய்தபோது, ரிங்கோ ஸ்டாரின் டிரம்ஸுக்குத் தலைக்கு மேலே ஒரு மைக்கும் கிக்குக்கு முன்னால் ஒரு மைக்கும் வைத்ததே வழக்கமாக இருந்தது. அதே பத்தாண்டின் இறுதியில் கிளின் ஜான்ஸ் என்ற ஆங்கிலேய ஒலிப்பதிவாளர் மூன்று, நான்கு மைக்குகளைக் கொண்டு லெட் செப்பலின் குழுவுக்குச் செய்த பதிவுகள் இன்றும் முன்மாதிரியாகக் கேட்கப்படுகின்றன. அவர் மைக் வைத்த முறைக்கு அவர் பெயரே நிலைத்துவிட்டது. அவர்களிடம் விலையுயர்ந்த மைக்கும் நல்ல அறையும் இருந்தன என்பது உண்மையே. ஆனால் டிரம் செட் என்பது ஒரே ஆள் வாசிக்கும் ஒரே வாத்தியம், அதை ஒன்றாகக் கேட்கும்போதுதான் அதன் உருவம் பிடிபடும் என்ற அவர்களுடைய புரிதலுக்குப் பணம் தேவையில்லை.

முதலில் இண்டர்ஃபேஸின் வாய்களை எண்ணுங்கள்

மைக் கடைக்குப் போவதற்கு முன் பார்க்க வேண்டியது, மைக்கைக் கணினியோடு இணைக்கும் பெட்டியான உங்கள் ஆடியோ இண்டர்ஃபேஸில் எத்தனை மைக் உள்ளீடுகள் இருக்கின்றன என்பதைத்தான். பலரிடம் இருக்கும் ஃபோக்கஸ்ரைட் ஸ்கார்லெட் 2ஐ2 போன்ற பெட்டிகளில் இரண்டு மட்டுமே உண்டு, பெஹ்ரிங்கர் யூ.எம்.சி. 404 எச்.டி. போன்றவற்றில் நான்கு உண்டு. அதற்கு மேல் எட்டு உள்ளீடுகள் கொண்டவை வேறொரு விலைத்தட்டில் இருக்கின்றன. பெட்டியின் பெயரில் வரும் எண் எப்போதும் மைக் உள்ளீடுகளைக் குறிப்பதில்லை. பதினெட்டு என்று எண் போட்ட பெட்டியில் நான்கோ எட்டோ மைக் உள்ளீடுகள்தான் இருக்கும். மீதி வேறு வகை இணைப்புகள். எனவே பின்புறத்தையும் முன்புறத்தையும் பார்த்து, எக்ஸ்.எல்.ஆர். என்ற மூன்று முள் கனெக்டரைப் பொருத்தும் வாய்களை விரல் விட்டு எண்ணுவதே நம்பகமானது.

இரண்டு உள்ளீடு மட்டுமே இருந்தால், அதைக் கொண்டே தொடங்கலாம். நான்கு உள்ளீடு உள்ள பெட்டி வாங்க முடிந்தால் அது நெடுங்காலத்துக்குப் போதும். கணினியில் நேரடியாகச் செருகும் யூ.எஸ்.பி. மைக்கை டிரம்ஸுக்காக வாங்காதீர்கள். பேச்சுக்காகச் செய்யப்பட்ட அதன் உள்சுற்று ஸ்னேரின் ஓர் அடியிலேயே திணறிவிடக் கூடும்; தவிர, இரண்டு யூ.எஸ்.பி. மைக்குகளைச் சேர்த்துப் பதிவு செய்யும்போது ஒவ்வொன்றும் தன் சொந்தக் கடிகாரத்தின்படி ஓடுவதால், பாட்டு நீள நீள இரண்டு பதிவுகளும் ஒன்றை விட்டு ஒன்று விலகிக்கொண்டே போகும். எக்ஸ்.எல்.ஆர். மைக் வாங்கினால் இண்டர்ஃபேஸை மாற்றிய பிறகும் அது உங்களோடு வரும்.

மொத்தப் பணத்தையும் மைக்குக்கே ஒதுக்கிவிடவும் கூடாது. கையில் நூறு ரூபாய் இருப்பதாக வைத்துக்கொண்டால், இருபத்தைந்தை ஸ்டாண்டுக்கும் கேபிளுக்கும் எடுத்து வைத்துவிட்டு மீதியைக் கொண்டுதான் மைக் தேட வேண்டும். ஓவர்ஹெட் மைக் தலைக்கு மேல் நீண்ட கையின் நுனியில் தொங்குகிறது. மலிவான, எடையில்லாத ஸ்டாண்டு பாதிப் பாட்டில் மெல்லச் சரியும், இல்லையென்றால் சிம்பலின் மேலேயே விழும். ஸ்டாண்டின் காலில் மணல் நிரப்பிய பையை வைப்பது காசில்லாத நல்ல பாதுகாப்பு.

விவரத் தாளில் எதைப் பார்ப்பது, எதை விடுவது

பாடகரின் குரலுக்கு மைக் தேடுபவர் கவனிக்கும் பல அம்சங்கள் டிரம்ஸுக்குத் தேவையே இல்லை. பட்ஜெட்காரருக்கு இது பெரிய சகாயம். மைக் தானாக எழுப்பும் மெல்லிய இரைச்சல் எவ்வளவு என்பது குரலுக்கும் வீணைக்கும் முக்கியம். ஸ்னேரின் அருகில் ஒலி அழுத்தம் 130 டெசிபெலைத் தாண்டும் இடத்தில் அந்த இரைச்சல் யார் காதிலும் விழாது. அதேபோல் மின்சாரம் இல்லாமலே வேலை செய்யும் டைனமிக் வகை மைக்குக்கு அதிக கெயின் (ஒலியைப் பெருக்கும் அளவு) வேண்டும், இண்டர்ஃபேஸுக்குள் இருக்கும் மலிவான ப்ரீஆம்பில் இரைச்சல் வரும் என்ற கவலையும் இங்கே செல்லாது. டிரம்ஸ் தருகிற ஒலியே அவ்வளவு பெரிது என்பதால் கெயினைச் சிறிதளவே திருப்ப வேண்டியிருக்கும்.

பார்க்க வேண்டியவை இரண்டு. முதலாவது, மைக் தாங்கக்கூடிய உச்ச ஒலி அழுத்தம். ஆடியோ-டெக்னிகா ஏ.டி. 2020 என்ற மலிவான கண்டென்சரின் (இண்டர்ஃபேஸ் அனுப்பும் மின்சாரத்தில் இயங்கும் மைக் வகை) விவரத் தாளில் இது 144 டெசிபெல் என்று இருக்கும். செட்டுக்கு மேலே வைப்பதற்கு இது தாராளம். 120-ஐ ஒட்டி எண் போட்டிருக்கும் கண்டென்சரை டிரம்ஸின் பக்கம் கொண்டு வர வேண்டாம். எண்ணே போடாத மைக்கையும் நான் தவிர்த்துவிடுவேன்.

இரண்டாவது அம்சத்தை விவரத் தாள் முழுமையாகச் சொல்லாது. பக்கவாட்டிலிருந்து வரும் ஒலியை மைக் எந்தத் தொனியில் கேட்கிறது என்பதுதான் அது. டிரம் செட்டில் ஒவ்வொரு மைக்குக்கும் நேரே இருப்பது ஒரு பொருள்தான். மற்ற அனைத்தும் பக்கத்திலிருந்து வருகின்றன. மலிவான மைக்கின் குறை நேர்முன்னால் தெரிவதைவிடப் பக்கவாட்டில்தான் அதிகமாகத் தெரியும்: சிம்பல் ஒலி சலசலத்து, தகரத்தைத் தட்டியதுபோல் மாறிவிடும். இதைக் கடையிலேயே சோதிக்கலாம். மைக்கை இணைத்து, ஹெட்ஃபோன் போட்டுக்கொண்டு, ஒரு சாவிக்கொத்தை அதன் முன்னால் ஓர் அடி தூரத்தில் குலுக்குங்கள். பிறகு அதே தூரத்தில், அதே வேகத்தில் குலுக்கியபடியே பக்கத்துக்கு வந்து, பின்புறம் வரை சுற்றுங்கள். நல்ல மைக்கில் சாவியின் ஒலி படிப்படியாகச் சிறுத்துக்கொண்டே போகும். ஆனாலும் அது சாவிச் சத்தமாகவே இருக்கும். மட்டமான மைக்கில் ஒலியளவு குறைவதற்கு முன்னரே தன்மை மாறும். ஓரிடத்தில் கூச்சமாகவும் அடுத்த இடத்தில் மூக்கடைத்ததுபோலவும் கேட்கும். உயர்ந்த அதிர்வெண்கள் நிறைந்த ஒலி என்பதால் சாவிக்கொத்து சிம்பலுக்கு நல்ல மாற்றாக நிற்கிறது. கடைக்காரர் விசித்திரமாகப் பார்த்தாலும் இந்தச் சோதனையை விட்டுவிடாதீர்கள்.

ஓவர்ஹெட்: பணத்தின் பெரும்பங்கு இங்கேதான்

மேலே வைக்கும் இரண்டு மைக்குகள்தான் பதிவின் முக்கால் பங்கு. ஒரே மாடலில் இரண்டாக வாங்குங்கள். ஆலையில் பொருத்தம் பார்த்து ஜோடி சேர்த்தவையாக இருந்தால் நல்லது. அதற்காகக் கூடுதல் விலை கொடுக்கத் தேவையில்லை. மலிவு விலையில் பென்சில்போல் நீண்டிருக்கும் சிறிய டயஃப்ரம் (ஒலி பட்டு அதிரும் மென்படலம்) கண்டென்சர்கள், அதே விலையில் கிடைக்கும் பருத்த பெரிய டயஃப்ரம் மைக்குகளைவிடப் பக்கவாட்டு ஒலியைப் பெரும்பாலும் ஒழுங்காகக் கேட்கின்றன. பெஹ்ரிங்கர் சி-2 கடைநிலை விலையில் ஜோடியாகவே விற்கப்படுகிறது, ரோட் எம்5 அதற்கு மேலே ஒரு படி, ரோட் என்.டி.5 இன்னும் மேலே. இவற்றில் நடுப்படியில் இருப்பதை வாங்க முடிந்தால் வாங்கிவிட்டு, கிக் மைக்கைச் சில மாதங்களுக்குத் தள்ளிப் போடுவதே என் பரிந்துரை. கடைநிலை மாடல்களில் 8 முதல் 12 கிலோஹெர்ட்ஸ் வரை ஒரு தூக்கல் இருப்பது வழக்கம். மினுமினுப்பான சிம்பலோடு அது சேரும்போது காது கூசும்.

மிகக் குறைந்த விலைக் கண்டென்சரா, இரண்டு நல்ல டைனமிக்கா என்ற நிலை வந்தால், இரண்டு டைனமிக் மைக்குகளையே மேலே வைக்கத் தயங்காதீர்கள். ஷ்யூர் எஸ்.எம். 57-இன் வரம்பு 40 ஹெர்ட்ஸிலிருந்து 15 கிலோஹெர்ட்ஸ் வரைதான். சிம்பலின் மேல்மினுக்கம் சற்றுக் குறையும். குறைந்த மினுக்கத்தை, அதிர்வெண்களைக் கூட்டிக் குறைக்கும் ஈக்யூவில் ஓரளவு ஏற்றிக்கொள்ளலாம். ஏற்கெனவே கூசும் சிம்பலை இனிமையாக்குவது அதைவிடக் கடினம். எதிரொலி மிகுந்த சிறிய அறையில் இந்தத் தேர்வு பல சமயம் மேலானதாகவே அமைகிறது.

வாங்குவது பாதி வேலை, வைப்பது மீதி. இரண்டு மைக்கும் ஸ்னேரின் நடுவிலிருந்து சம தூரத்தில் இருக்க வேண்டும் என்பதே இதில் தலையாய விதி. காரணம் எளிது. ஒலி ஒரு மில்லி விநாடியில் ஏறக்குறைய 34 சென்டிமீட்டர் பயணம் செய்கிறது. 1,000 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளமும் அதே 34 சென்டிமீட்டர்தான். ஒரு மைக் மற்றதைவிட 17 சென்டிமீட்டர் தள்ளி இருந்தால், ஒன்றில் அலை மேலெழும்போது மற்றதில் கீழிறங்கும். கைப்பேசியின் ஒற்றை ஒலிபெருக்கியில் இரண்டும் ஒன்றாகக் கலக்கும்போது அந்த அதிர்வெண் அழிந்து, ஸ்னேர் உடலில்லாத வெறும் ஓடுபோல் கேட்கும். இந்தக் குறையை விலையுயர்ந்த மைக்காலும் தீர்க்க முடியாது. ஒரு நூல் தீர்த்துவிடும்.

இழுத்தால் நீளாத நூல் ஒன்றை எடுத்து, அதன் ஒரு முனையை ஸ்னேரின் நடுவில் டேப் போட்டு ஒட்டுங்கள். டிரம்ஸ் குச்சி பொதுவாக 16 அங்குலம் இருக்கும். இரண்டு குச்சி நீளம், அதாவது ஏறத்தாழ 81 சென்டிமீட்டர், நூலில் அளந்து முடிச்சுப் போடுங்கள். முதல் மைக்கை ஸ்னேருக்கு நேர்மேலே, முடிச்சு மைக்கின் வாயைத் தொடும் உயரத்தில், கீழ்நோக்கி வையுங்கள். இரண்டாவது மைக், வாசிப்பவரின் வலது தோளுக்குச் சற்று மேலே, அதே முடிச்சு எட்டும் தூரத்தில், ஸ்னேரைப் பார்த்தபடி வர வேண்டும். அடுத்து, கிக்கில் பெடல் அடிக்கும் இடத்திலிருந்து இன்னொரு நூலைப் பிடித்து, இரண்டு மைக்குக்கும் தூரம் சமமாக வரும்வரை இரண்டாவது மைக்கை நகர்த்துங்கள். ஸ்னேரிலிருந்து வரும் முதல் நூலும் தொய்யாமல் இருக்க வேண்டும். இப்போது ஸ்னேர், கிக் இரண்டும் ஒலிச் சித்திரத்தின் நட்டநடுவில் நிற்கும். மேலிருந்து பார்த்தால் மைக்குகளின் அமைப்பு கோணலாகத் தெரியும். அதைக் கண்டு கலங்கி நேராக்கிவிட வேண்டாம். அளவு நூலில் சரியாக இருக்கிறது.

டாம்களின் கனம் இன்னும் வேண்டுமென்றால் கிளின் ஜான்ஸ் முறைக்கு மாறலாம். அதில் ஒரு மைக் ஸ்னேருக்கு மேலே சுமார் ஒரு மீட்டர் உயரத்தில் இருக்கும். மற்றது, தரையில் நிற்கும் பெரிய டாமான ஃபுளோர் டாமுக்கு வெளிப்புறம், அதன் விளிம்பைவிடச் சற்று உயரத்தில், ஸ்னேரையும் ஹை-ஹேட்டையும் நோக்கிக் கிடைமட்டமாகப் பார்க்கும். இங்கும் இரண்டும் ஸ்னேரிலிருந்து சம தூரத்தில்தான். ஃபுளோர் டாமுக்குத் தனி மைக் வாங்கும் செலவை இது மிச்சப்படுத்துகிறது. இதற்கு அறை நன்றாக இருக்க வேண்டும், வாசிப்பவரும் சிம்பலை அடக்கி வாசிக்கத் தெரிந்தவராக இருக்க வேண்டும். அந்த இரண்டும் இல்லாத இடத்தில் தோள்பக்க முறையே பாதுகாப்பானது.

கிக்

மூன்றாவது மைக் கிக்குக்கு. ஓவர்ஹெட்டில் குறைவாக விழுவது கிக்கின் அடிக்கனம் என்பதால், இரண்டிலிருந்து மூன்றுக்குப் போகும்போது பதிவில் ஏற்படும் மாற்றம் மிகப் பெரிது. கிக்குக்கென்றே செய்யப்பட்ட ஏ.கே.ஜி. டி112, ஷ்யூர் பீட்டா 52ஏ, ஆடிக்ஸ் டி6 ஆகியவை பரவலாகப் பயன்படுகின்றன, ஷ்யூர் பி.ஜி.ஏ. 52 அவற்றைவிட விலை குறைந்தது. இந்த மைக்குகள் ஒலியை உள்ளபடி தருபவை அல்ல. அடிக்கனமும், பெடல் தட்டும் ஒலி இருக்கும் 3, 4 கிலோஹெர்ட்ஸ் பகுதியும் உயர்ந்து, நடுப்பகுதி குழிந்து வரும்படி இவை வடிவமைக்கப்பட்டுள்ளன. டி6-இல் இந்தக் குழிவு மிக அதிகம்; கனமான ராக் இசைக்கு உடனே பொருந்தும், மென்மையான பாட்டுக்கு ஒத்துவராது. ஒரே மைக்கைப் பேஸ் கிட்டார் ஆம்புக்கும் பயன்படுத்த நினைப்பவர், குழிவு குறைந்ததைத் தேர்ந்தெடுப்பது நல்லது.

கிக் மைக் வாங்கப் பணம் சேரும்வரை எஸ்.எம். 57-ஐயோ எஸ்.எம். 58-ஐயோ வைக்கலாம். முன்தோலில் துளை இருந்தால், மைக்கை அதனுள் செலுத்தி, பெடல் அடிக்கும் இடத்திலிருந்து ஒரு சாண் தூரத்தில் நிறுத்துங்கள். தட்டும் ஒலி தெளிவாக வரும், அடிக்கனத்தை 60 ஹெர்ட்ஸ் அருகே ஈக்யூவில் கூட்டிக்கொள்ளலாம். துளையில்லாத தோலென்றால் வெளியே ஐந்து முதல் பத்து சென்டிமீட்டரில் வைத்து, உள்ளே ஒரு பழைய போர்வையை மடித்துப் போடுங்கள். ஆபி ரோடில் பீட்டில்ஸின் ஒலிப்பதிவாளர் ஜெஃப் எமெரிக் 1966-இல் கிக்கினுள் ஒரு கம்பளி ஸ்வெட்டரைத் திணித்து மைக்கை மிக அருகில் கொண்டு வந்தபோது, கிக்கின் ஒலியே மாறிப்போனது.

கிக் சேனலைச் சேர்த்ததும் செய்ய வேண்டிய ஒரு சோதனை உண்டு. மூன்று மைக்கையும் ஒன்றாகக் கேட்டபடி, கிக் சேனலில் அலையைத் தலைகீழாக்கும் போலாரிட்டிப் பொத்தானை மாற்றி மாற்றி அழுத்துங்கள். எந்த நிலையில் அடிக்கனம் கூடுகிறதோ அதுவே சரியான நிலை. இந்தப் பொத்தான் பெரும்பாலான பதிவு மென்பொருள்களில் இருக்கிறது.

ஸ்னேர்

ஸ்னேருக்கு எஸ்.எம். 57-ஐப் பரிந்துரைப்பதில் புதுமை ஏதும் இல்லை. 1965-இல் வந்த இந்த மைக், குச்சியடி பட்டாலும் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். பின்னர் கிட்டார் ஆம்புக்கும் பாட்டுக்கும் பயன்படும். விற்றாலும் விலை போகும். ஆனால் தேவாலயத்திலோ கல்லூரி இசைக்குழுவிலோ எஸ்.எம். 58 ஏற்கெனவே இருந்தால், 57 வாங்குவதற்காகப் பதிவைத் தள்ளிப் போடாதீர்கள். இரண்டும் ஒரே குடும்பத்து மைக்குகள். 58-இன் உருண்டை வலை காரணமாகத் தோலுக்கு மிக நெருக்கமாகப் போக முடியாது என்பதுதான் நடைமுறையில் உணரக்கூடிய முதல் வித்தியாசம்.

விளிம்புக்கு மேலே மூன்று விரல் உயரத்தில், தோலின் நடுவைப் பார்த்துச் சாய்த்து வையுங்கள். மைக் எங்கே பார்க்கிறது என்பதைப் போலவே, அதன் முதுகு எதைப் பார்க்கிறது என்பதும் முக்கியம். முன்பக்கத்தையே அதிகம் கேட்கும் கார்டியாய்டு வகை மைக் நேர் பின்புறத்தில்தான் மிகக் குறைவாகக் கேட்கும். ஆகவே ஹை-ஹேட் அந்த மைக்கின் வால்பக்கம் வரும்படி அமைத்தால், ஸ்னேர் சேனலில் ஹை-ஹேட்டின் கசிவு கணிசமாகக் குறையும். அதைவிடக் குறுகலாகக் கேட்கும் சூப்பர்கார்டியாய்டு வகையாக இருந்தால் இந்தக் கணக்கு மாறும்: அது நேர் பின்னால் கொஞ்சம் கேட்கும், முன்புறத்திலிருந்து சுமார் 126 டிகிரி திரும்பிய திசையில்தான் மிகக் குறைவாகக் கேட்கும். கசிவு அதிகம் என்று மைக்கை மாற்ற நினைப்பவர், முதலில் கோணத்தை மாற்றிப் பார்க்க வேண்டும்.

டாம்களுக்குத் தனி மைக் இப்போதைக்கு வேண்டாம். ஓவர்ஹெட் சரியாக இருந்தால் அவை அதிலேயே நன்றாக விழும்.

தோலும் அறையும்

மைக்குக்கென்று ஒதுக்கிய தொகையில் ஒரு பங்கை எடுத்து ஸ்னேருக்குப் புதுத் தோல் போடச் சொன்னால் பலர் ஏற்க மாட்டார்கள். இருந்தாலும் இதை அழுத்தமாகவே சொல்கிறேன்: பள்ளம் விழுந்து, நடுவில் பூச்சு தேய்ந்துபோன தோலின் ஒலியை எந்த மைக்கும் மேம்படுத்தாது, நல்ல மைக் அந்தத் தேய்மானத்தை இன்னும் துல்லியமாகக் காட்டும். புதுத் தோலும், ஒவ்வொரு திருகின் அருகிலும் ஒரே சுருதி வரும்படி பொறுமையாகச் சேர்ப்பதும் ஒரு மைக்கின் தரத்தை இரண்டு படி உயர்த்தியதற்குச் சமம்.

நம் வீடுகளில் அறை என்பது பெரும்பாலும் சிமெண்ட் சுவர், டைல்ஸ் தரை, தாழ்ந்த கான்கிரீட் கூரை. ஓவர்ஹெட் மைக் கூரைக்கு அரை மீட்டர் கீழே இருந்தால், டிரம்ஸிலிருந்து எழும் ஒலி ஒருமுறை நேராகவும், கூரையில் பட்டு ஏறக்குறைய ஒரு மீட்டர் கூடுதலாகப் பயணித்து இன்னொரு முறையும் மைக்கை அடையும். அந்த இரண்டும் மோதி, 170 ஹெர்ட்ஸை ஒட்டி ஸ்னேரின் உடல் இருக்கும் இடத்திலேயே பள்ளம் விழும். மைக்குக்கு நேர்மேலே கூரையில் ஓர் இலவம்பஞ்சு மெத்தையைக் கட்ட முடிந்தால் கட்டுங்கள். அந்தப் பள்ளத்தை முழுவதும் நிரப்பாவிட்டாலும், மேல் அதிர்வெண்களில் வரும் கூச்சத்தை அது வெகுவாக அடக்கும். முடியாவிட்டால் மைக்கைத் தாழ்த்துங்கள். தரையில் தென்னைநார் விரிப்பும் அதன் மேல் தடித்த கம்பளமும் போடுங்கள். வாசிப்பவரின் முதுகுப்பக்கச் சுவரில் போர்வைகளைத் தொங்கவிடுங்கள். புழுக்கம் தாங்க முடியாமல் மின்விசிறியை ஓடவிடுவது வழக்கம். மேலேயிருக்கும் கண்டென்சரின் மேல் அந்தக் காற்று நேராக வீசும். பதிவு முழுக்க ஒரு தாழ்ந்த உறுமல் ஓடும். ஒவ்வொரு டேக்கின் போதும் அதை நிறுத்தியே ஆக வேண்டும்.

வாங்கும் இடம், பழைய மைக், வாடகை

எஸ்.எம். 57, எஸ்.எம். 58 இரண்டுக்கும் போலிகள் உலகெங்கும் புழங்குகின்றன. சந்தை விலையில் பாதிக்குப் புதியது கிடைக்கிறது என்றால் அதைச் சந்தேகப்படுவதே சரி. அசல் 57-இன் எடை 284 கிராம். சமையலறைத் தராசில் வைத்தால் பல போலிகள் இலேசாக இருப்பது தெரிந்துவிடும். ஆனால் எடையைச் சரிசெய்த போலிகளும் இருப்பதால், அங்கீகரிக்கப்பட்ட விற்பனையாளரிடம் ரசீதோடு வாங்குவதே முடிவான பாதுகாப்பு.

பழைய டைனமிக் மைக்கை வாங்கப் பயப்பட வேண்டியதில்லை. வலை நசுங்கியிருந்தாலும் ஒலி தெளிவாக இருந்தால் போதும், குலுக்கும்போது உள்ளே எதுவும் உருளக் கூடாது. பழைய கண்டென்சரில் எச்சரிக்கை தேவை. இண்டர்ஃபேஸ் மைக்குக்கு அனுப்பும் மின்சாரமான 48 வோல்ட் ஃபேண்டம் பவரைப் போட்டு, யாரும் பேசாமல் ஐந்து நிமிடம் ஹெட்ஃபோனில் கேளுங்கள். இடையிடையே பொரிவதுபோல் சத்தம் வந்தால் விட்டுவிடுங்கள். சென்னை, தூத்துக்குடி, யாழ்ப்பாணம் போன்ற கடலோர ஊர்களின் ஈரக்காற்று கண்டென்சரை மெல்லக் கெடுக்கும். உங்களுடையதையும் காற்றுப் புகாத டப்பாவில், சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வைத்திருங்கள்.

ஏழு மைக் அடங்கிய பெட்டியை ஒரே விலையில் விற்பார்கள். மேடைக்கு அது பயன்படலாம். பதிவுக்கு, அந்த விலையில் இரண்டு நல்ல மைக் வாங்குவதே மேல். மலிவான பெட்டிகளில் மிகப் பலவீனமானவை பெரும்பாலும் ஓவர்ஹெட்டுகளாகவே இருக்கின்றன, நமக்கு மிக முக்கியமானவையும் அவைதான்.

வாடகையை மறந்துவிடாதீர்கள். திருவிழாவுக்கும் மாநாட்டுக்கும் மைக்செட் போடும் பெரிய சவுண்ட் சர்வீஸ்காரர்களிடம் கிக் மைக்கும் 57-களும் நல்ல ஸ்டாண்டுகளும் இருக்கும். முகூர்த்தமும் திருவிழாவும் இல்லாத நாட்களில் பேசினால் குறைந்த வாடகைக்குக் கிடைக்க வாய்ப்புண்டு. இரண்டு ஓவர்ஹெட்டைச் சொந்தமாக வைத்துக்கொண்டு, மற்றவற்றை ஒரு நாளைக்கு எடுத்து, ஒத்திகை முடித்து வைத்த பாடல்கள் அனைத்தையும் அந்த ஒரே நாளில் வாசித்து முடிப்பது மிகச் சிக்கனமான வழி.

கேபிளைக் கடையில் தயாராக வாங்காமல், சென்னை ரிச்சி தெரு போன்ற இடங்களில் கம்பியும் கனெக்டரும் வாங்கி நீங்களே பற்றவைக்கலாம். ஒன்றாம் முள் தரை, இரண்டாம் முள் நேர், மூன்றாம் முள் எதிர். ஏதோ ஒரு கேபிளின் ஒரு முனையில் மட்டும் இரண்டும் மூன்றும் இடம் மாறிப்போனால், மைக் வழக்கம்போல் வேலை செய்யும். ஆனால் அந்த மைக்கின் அலை தலைகீழாக வரும், நூல் பிடித்து அளந்த அத்தனை உழைப்பும் வீணாகும். எனவே பற்றவைத்த கேபிள்களில் ஒரே மாடல் மைக்குகள் இரண்டைப் பொருத்தி, இரண்டையும் ஒட்டிப் பிடித்துக்கொண்டு பேசுங்கள். இரண்டு சேனலையும் நடுவில் வைத்துக் கேட்கும்போது குரல் பெரிதானால் கேபிள்கள் ஒத்துப்போகின்றன. சூம்பி மறைந்தால் ஒன்று மாறியிருக்கிறது. நான்கு சேனலுக்கும் ஒரே ஃபேண்டம் பொத்தான் உள்ள இண்டர்ஃபேஸில் டைனமிக் மைக்குக்கும் 48 வோல்ட் போகும். கேபிள் சரியாக இருக்கும்வரை அதனால் கேடில்லை.

பதிவு நாளில்

24 பிட்டில் பதிவு செய்யுங்கள். உச்ச அடி மைனஸ் 12 டெசிபெலைத் தொடும் அளவுக்குக் கெயினை வையுங்கள். சோதனைக்கு வாசிக்கும்போது இருப்பதைவிட, பாட்டு சூடு பிடித்ததும் எல்லா டிரம்மரும் பலமாகத்தான் அடிப்பார்கள். அந்த இடைவெளி அதற்காக. கெயினை முழுவதும் குறைத்த பின்னும் சிவப்பு விளக்கு எரிந்தால், மைக்கிலோ இண்டர்ஃபேஸிலோ உள்ள, ஒலியளவைக் குறைக்கும் பேட் பொத்தானை அழுத்த வேண்டும்.

எல்லாப் பாடல்களும் முடிந்ததும் மைக்குகளை உடனே கழற்றாதீர்கள். ஸ்னேர் மைக்கை எடுத்து ஒவ்வொரு டாமுக்கும் அருகில் வைத்து, மெதுவாக, நடுத்தரமாக, பலமாக என்று தனித்தனி அடிகளைப் பதிவு செய்யுங்கள். ஒவ்வோர் அடியும் முழுவதும் ஓய்ந்து அடங்கும்வரை காத்திருங்கள். கிக்குக்கும் ஸ்னேருக்கும் அதையே செய்யுங்கள். மிக்ஸ் செய்யும்போது ஒரு டாம் அடி பலவீனமாகத் தெரிந்தால், அதே டிரம்மின், அதே அறையின், அதே நாளின் ஒலியை அதன் அடியில் சேர்த்துவிடலாம்.

ஐந்தாவது மைக்கைப் பற்றி யோசிக்கும் நாள் வந்தால், ஸ்னேரின் கீழ்ப்பக்கத்துக்கோ ஹை-ஹேட்டுக்கோ அதை வாங்க வேண்டாம். ஃபுளோர் டாமின் விளிம்பில் கவ்வி நிற்கும் சென்ஹைசர் இ604 போன்ற கிளிப் மைக் ஒன்றை வாங்குங்கள். அதற்குத் தனி ஸ்டாண்டும் தேவைப்படாது.